உருளைக்கிழங்கு ரூமில் ஒரு சடங்கு

அத்தியாயம் 6

"டிசம்பர் வரைக்கும் இந்த ரூம்ல உருளைக்கெழங்குதான் குடியிருந்துச்சுன்னு முதலாளி சத்தியம் பண்றாரு டீச்சர்" என்றான் பிரதாப். "கெழங்குகிட்ட வாக்குமூலம் வாங்கணும்னா ரெண்டு மாசம் பிந்திட்டோம். எல்லாம் பொரியலா போயிருக்கும்."

ரஜனி டீச்சர் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வருடம் ஹட்டனில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரி அவர். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல், காணாமற்போன தாலி, கள்ளக் கையெழுத்து, ஓடிப்போன மாப்பிள்ளை என்று ஊராருக்காகத் துப்புத் துலக்க ஆரம்பித்து ஆறு வருடமாகிறது. பிரதாப் அவருடைய பழைய மாணவன். கணிதப் பாடத்தில் மூன்று தடவை கோட்டை விட்டவன். இப்போது டீச்சரின் ஓட்டோ சாரதியும் அவனே, உதவியாளனும் அவனே, கேட்காமலே கருத்துச் சொல்லும் உத்தியோகத்தனும் அவனே.

அவர்கள் நின்றது ஹட்டன் பஜாரில், சின்னராசா முதலாளியின் மரக்கறி மொத்தக் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில். ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, பள்ளிக்கூடப் பை ஒன்று, கயிற்றில் காயாமல் தொங்கும் துணி. அறைக்குச் சொந்தக்காரி என்று சொல்ல முடியாத நாகலெட்சுமி, வந்தவர்களைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டிருந்தாள். பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. புருஷன் கொழும்புக்குப் போனவர், போனவர்தான். மகள் சர்மிளா எட்டாம் வகுப்பு. மூன்று வருடமாகத் தாயும் மகளும் இந்த அறையில்தான்.

விஷயம் இதுதான். நவம்பர் கடைசியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணோடு போயின. லயத்துச் சனம் பாடசாலை மண்டபங்களிலும் கூடாரங்களிலும் ஒதுங்கியது. கொஞ்சம் வழியுள்ளவர்கள் டவுனுக்கு ஓடிவந்து அறை தேடினார்கள். அறைக்கு அடிபிடி என்றதும் வாடகை மூன்று மடங்கானது. அரசாங்கம் கண் விழித்து ஒரு கட்டளை போட்டது: டிசம்பர் முதலாம் திகதிக்கு முன்பிருந்தே குடியிருப்பவர்களின் வாடகையை ஒரு வருடத்துக்கு ஏற்றக் கூடாது. நல்ல கட்டளைதான். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கறக்கலாம் என்று அதில் ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதாததை வீட்டுக்காரர்கள் தாங்களே வாசித்துக்கொண்டார்கள்.

"வாடகையத்தான் கட்டிப் போட்டாங்க டீச்சர், முதலாளிமார அவுத்து விட்டுட்டாங்க" என்றான் பிரதாப்.

சின்னராசா முதலாளி வாசித்தது இப்படி: நாகலெட்சுமி பழைய குடித்தனக்காரி அல்ல. மண்சரிவுக்குப் பிறகு வந்தவள். அதற்கு முன்பு அந்த அறை கிழங்கு மூட்டை அடுக்கும் இடம். ஆகவே பன்னிரண்டாயிரம் போய் இனி முப்பத்தையாயிரம். இன்று பின்னேரம் நாலு மணிக்குள் புதுக் குடித்தனக்காரி என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் சாமான் சட்டி எல்லாம் தெருவில். கடை வாசலில் இரண்டு குடும்பங்கள் அறைக்காக ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தன.

"வாடகைக்கு ரசீது?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒரு நாளும் குடுத்தது இல்லீங்க டீச்சர்."

"அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பு, பிள்ளையின்ர பள்ளிக்கூடப் பதிவு... ஒண்டிலயும் இந்த விலாசம் இல்லையோ?"

"எல்லாத்துலயும் தோட்டத்து வெலாசந்தாங்க. லிந்துலைப் பக்கம், நரிமலைத் தோட்டம்."

"மூண்டு வருஷமா மாத்தேல்லை?"

"மாத்தலீங்க."

நாகலெட்சுமி அதைச் சொல்லும்போது அடுப்பின் மேலிருந்த கேத்தலைப் பார்த்தாள். அக்கறையில்லாத சனம் என்று டீச்சர் மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டார். ஹட்டன் பஜாரிலேயே பிறந்து வளர்ந்த பிரதாப்புக்கும் அதில் ஒன்றும் உறைக்கவில்லை.

"கேஸ் கீஸெல்லாம் வேணாங்க டீச்சர்" என்றாள் நாகலெட்சுமி. "முதலாளி மகனுக்கு நீங்க படிச்சுக் குடுத்தவங்க. ஒங்க சொல்லுக்கு மதிப்பு குடுப்பாரு. கொஞ்சம் பேசிப் பாருங்க, அது போதும்."

"கதைச்சுப் பாக்கிறதுக்கு நான் எதுக்கு, நாகலெட்சுமி? அவருக்கு முன்னால ஒரு ஆதாரத்தைத் தூக்கி வைக்க வேணும். பிறகு அவர் வந்து எங்களோட கதைப்பார்."

சொல்லிக்கொண்டே டீச்சர் எழுந்தார். ஜன்னலோரத்து மூலையில் அவருடைய கண் நின்றுவிட்டது. சுவரில் இந்தப் பக்கம் இரண்டு ஆணி, அந்தப் பக்கம் இரண்டு ஆணி. தரையிலிருந்து நாலடி உயரம். சட்டை மாட்டுவதற்கு இவ்வளவு தாழ்வாக யாரும் ஆணி அடிக்க மாட்டார்கள். கீழே சீமெந்துத் தரையில், தேய்த்துக் கழுவியும் போகாத மஞ்சள் கறை ஒரு பாய் அகலத்துக்குப் படர்ந்திருந்தது.

"சுவருக்கு எப்ப சுண்ணாம்பு அடிச்சது?"

"டிசம்பர்லங்க. சாமானெல்லாம் நடுவுல இழுத்துப் போட்டுட்டு அவரு ஆளுங்கதான் வந்து அடிச்சாங்க."

டீச்சர் ஆணியொன்றை நகத்தால் சுரண்டினார். சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளே, ஆணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிய வாழை நார் முடிச்சொன்று வெளியே வந்தது. நாலு ஆணியிலும் அப்படியே.

"இந்த ஆணியள் என்னத்துக்கு?"

"அது... முந்தியே இருந்துச்சுங்க" என்று சொல்லி நாகலெட்சுமி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

டீச்சர் மேலே எதுவும் கேட்கவில்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தவருக்குக் கேட்கத் தோன்றவுமில்லை. மரப்படியில் இறங்கும்போது பிரதாப்பின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"மூலையில நாலு ஆணி, வாழை நார், தரையில மஞ்சள் தண்ணி. உங்கட ஆக்கள் வீட்டுக்குள்ள மூலையில என்ன கட்டுறவை? சொல்லும் பாப்பம்."

பிரதாப்பின் வாய் பிளந்தது. "குச்சு! பொண்ணு பெரிய மனுஷியானா தாய்மாமன் வந்து பச்சக் கொப்பால குச்சு கட்டுவாரு. அதுக்குள்ளதான் பொண்ண ஒக்கார வைப்பாங்க. அப்புறம் மஞ்சத் தண்ணி ஊத்துவாங்க."

"டிசம்பரில சுண்ணாம்பு அடிச்சதெண்டு முதலாளியே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறார். நார் சுண்ணாம்புக்கு உள்ளுக்க இருக்கு. அப்ப எது முந்தி?"

"குச்சு முந்தி, சுண்ணாம்பு பிந்தி." பிரதாப் கீழே அடுக்கியிருந்த கிழங்கு மூட்டைகளை எட்டிப் பார்த்தான். "அப்படின்னா டிசம்பருக்கு முந்தியே ஒரு கெழங்கு வயசுக்கு வந்துருக்கு. மாமன் கெழங்கு வந்து குச்சு கட்டியிருக்கு."

"வாயை மூடிக்கொண்டு வாகனத்தை எடும். நார் முடிச்சு கதை சொல்லும், திகதி சொல்லாது. எனக்குத் திகதி வேணும்."

திகதி எங்கே இருக்கும் என்பதில் பிரதாப்புக்குச் சந்தேகமே இல்லை. "நம்மாளுங்க கல்யாணத்துக்கு ஃபோட்டோக்காரன் வராட்டியும் மன்னிச்சிருவாங்க டீச்சர். சடங்குக்கு வராட்டி அவன் ஊர்ல கடை வச்சிருக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே மழைக்குள் ஓட்டோவை வெட்டி வெட்டி ஓட்டினான். புகையிரத நிலையத்துக்கு ஏறும் படிக்கட்டுக்குப் பக்கத்தில், துஷாந்தின் ஸ்டூடியோ வாசலில் நிறுத்தினான். முதலாவது ஸ்டூடியோவிலேயே காரியம் பலித்தது.

துஷாந்த் கணினியில் தேடினான். "நாகலெட்சுமி அக்கா மகள்தானே? இருக்கு டீச்சர். ஆகஸ்ட் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. ஆல்பம் தோட்டத்துல மாமன் வீட்டுல இருந்து மண்ணோட போயிருச்சுன்னு கேள்விப்பட்டு, புதுசா பிரின்ட் போட்டுத் தாறேன், காசு வேணாம்னு அந்த அக்காகிட்ட நானே சொன்னேன். வேணாம்னுட்டாங்க."

"வேண்டாம் எண்டு சொன்னவவோ?"

"அதான் எனக்கும் புரியல."

அந்த இடத்தில் ரஜனி டீச்சர் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். பெற்ற மகளின் சடங்குப் படத்தை எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? ஆனால் அதற்குள் திரையில் படம் விரிந்துவிட்டது. பச்சைக் கொப்புக் குச்சுக்கு முன்னால் பட்டுப் பாவாடையில் சர்மிளா. தட்டோடு தாய்மாமன் பழனியாண்டி. பின்னால் ஜன்னலுக்கு வெளியே ஹட்டன் பஸ் நிலையத்தின் பெயர்ப் பலகை, ஓர் எழுத்துக் குறையாமல். இடது ஓரத்தில், மணிக்கட்டில் தங்க உருலோசு மின்ன, அட்சதை தூவக் கையை உயர்த்திக்கொண்டு நிற்பவர் சாட்சாத் சின்னராசா முதலாளியே.

"அடேங்கப்பா" என்றான் பிரதாப். "கெழங்கு மூட்டைக்கு ஆசீர்வாதம் பண்ற ஒரே மனுசன் இவருதான்."

டீச்சருக்கு உச்சி குளிர்ந்துபோனது. உண்மையைச் சொன்னால், அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. படத்தைத் தன்னுடைய ஃபோனுக்கு வாங்கி, அந்த இடத்திலேயே வாட்ஸ்அப்பில் முதலாளிக்குத் தட்டிவிட்டார். கீழே ஒரு வரி: "நாலு மணிக்கு வருகிறேன். ஓரத்தில் நிற்பது நீங்களா, கிழங்கா?"

"டீச்சர், அது நான் பேச வேண்டிய வசனம்" என்று பிரதாப் குறைப்பட்டான்.

இரண்டு நீலக் கோடுகள் உடனே விழுந்தன. பதில் வரவில்லை. பயந்துவிட்டார் என்று இருவரும் நினைத்தார்கள். வழியில் நிறுத்தி ஆளுக்கொரு ரோல்ஸ் கூடச் சாப்பிட்டார்கள்.

நாலு மணிக்குக் கடைக்குள் நுழைந்தபோது முதலாளி பயந்தவராகத் தெரியவில்லை. நாகலெட்சுமியைக் கீழே கூப்பிட்டு ஒரு பலகையில் உட்கார வைத்திருந்தார். டீச்சருக்குக் கதிரை இழுத்துப் போட்டார். பிளேன்டீ வந்தது.

"படம் நல்லா விழுந்துருக்கு டீச்சர். என்ன, என் வயிறுதான் கொஞ்சம் முன்னுக்கு வந்துருச்சு."

"பழைய வாடகைக்கு இப்பவே எழுதித் தாங்கோ. இல்லையெண்டால் நாளைக்குக் காலமை இந்தப் படம் பிரதேச செயலகத்தில இருக்கும்."

"தாராளமா குடுங்க. எனக்குத் தண்டம் போடுவாங்க, கட்டிட்டு வந்துருவேன். அங்க போறதுக்கு முந்தி இதையும் ஒருக்கா பாத்துருங்க."

அவர் தன்னுடைய ஃபோனை நீட்டினார். கிராம சேவகர் அலுவலகச் சுவரில் எல்லாரும் பார்க்க ஒட்டியிருந்த ஒரு பட்டியலை யாரோ படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். நரிமலைத் தோட்டத்தில், மண் சரிந்த இரவில் அந்த லயத்தில் வசித்து வீடிழந்து, புது வீடு கிடைக்க இருப்பவர்களின் பெயர்கள். பதினாலாவது பெயர் நாகலெட்சுமி.

"அன்னைக்கு ராத்திரி லயத்துலதான் இருந்தேன்னு இவங்க கையெழுத்து போட்டுருக்காங்க. ஆகஸ்ட்லயே என் மாடியில இருந்தாங்கன்னு ஒங்க படம் சொல்லுது. நீங்க கணக்கு டீச்சர். ரெண்டுல எத அழிக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

டீச்சர் நாகலெட்சுமியின் பக்கம் திரும்பினார். அவள் அழவில்லை. பிடிபட்டவளின் முகமாகவும் இல்லை, களைத்துப்போனவளின் முகமாகத்தான் இருந்தது.

"அந்த லயக்காம்பரா எங்கம்மா தோட்டத்துல வேல செஞ்சதுக்குக் குடுத்த ரூமுங்க டீச்சர். அம்மாவுக்கு அப்புறம் என் பேருல பதிஞ்சிருக்கு. அண்ணன் பழனியாண்டி, மதினி, மூணு புள்ளைங்க, அஞ்சு பேரும் அதுலதான் இருந்தாங்க. இப்ப கூடாரத்துல இருக்காங்க. என் பேரு அங்க, ஒடம்பு மட்டும் இங்க. எங்காளுங்க எல்லாரும் அப்படித்தான். வெலாசத்த டவுனுக்கு மாத்துனா அந்த ஒரு காம்பராவுக்கும் நீ யாருன்னு கேட்டுருவாங்க. பேரு யாருதோ அவங்க அன்னைக்கு அங்க இருந்திருக்கணும்னு சொன்னாங்க. இருந்தேன்னு சொன்னேன். இல்லேன்னா அண்ணன் குடும்பத்துக்கு வீடு கெடையாது."

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஒங்க ஊருல காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்கும் டீச்சர். கைல உறுதி இருக்கவங்களுக்கு இத எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது? பொய்க்காரின்னு எந்திரிச்சுப் போயிருவீங்கன்னு நெனச்சேன். அதனாலதான் பேசிப் பாருங்கன்னு மட்டும் கேட்டேன்."

பிரதாப்புக்குப் பொறுக்கவில்லை. "முதலாளி, அந்தப் படத்த நீங்க குடுத்தா நீங்களும் சேந்துதான் மாட்டுவீங்க. ஓரத்துல உருலோசு கட்டிக்கிட்டு நிக்கிறது ஒங்க தாத்தாவா?"

சின்னராசா முதலாளி கோபிக்கவில்லை. ஃபோனில் படத்தைத் திறந்தார். விரலை வைத்து இடது ஓரத்தை உள்ளே தள்ளினார். உருலோசு போனது, கை போனது, வயிறும் போனது. குச்சும் பிள்ளையும் ஜன்னலுக்கு வெளியே பஸ் நிலையமும் மட்டும் மிஞ்சின.

"இப்ப யாரு நிக்கிறா தம்பி? மொட்டக் கடிதாசிக்கு நான் எதுக்கு?"

பின்னால் தராசில் யாரோ கரட் கொட்டினார்கள்.

"ஒண்ணு சொல்லட்டுமா டீச்சர்" என்றார் முதலாளி. குரலில் கேலிகூட இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். "நானும் லயத்துல பொறந்தவன். இவங்க வெலாசத்த மாத்தியிருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அத நம்பித்தான் கெழங்கு கதைய எடுத்து விட்டேன். ஆனா இன்னைக்குக் காலைல வரைக்கும் என் கைல ஒரு துண்டுக் கடதாசி இல்ல. வாய் மட்டுந்தான் இருந்துச்சு. நீங்க வந்து, விடுங்க சின்னராசா, பொம்பளப் புள்ளையோட இருக்குறவங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இருவதுக்குக் கூட எறங்கியிருப்பேன். நீங்க தேடிப் புடிச்சு, திகதியோட, என் ஃபோனுக்கே அனுப்பி வச்சீங்க."

இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்ன ஒரே புத்திமதி: கணக்கைப் போடுவதற்கு முன்னால் கேள்வியை இரண்டு தடவை வாசி. ரஜனி டீச்சர் இன்று ஒரு தடவைகூட வாசிக்கவில்லை. கேத்தலைப் பார்த்த பார்வை, இழுத்துச் செருகிய முந்தானை, வேண்டாமென்ற படம், எல்லாமே அவர் கண் முன்னால்தான் நடந்தன. தன் கெட்டித்தனத்தைப் பார்க்கவே அவருக்கு நேரம் போதவில்லை. அந்த வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கெஞ்சினார்.

"சின்னராசா, நான் உங்கட மகனுக்குப் படிப்பிச்ச ஆள். அந்தப் படத்தை அழியுங்கோ. முப்பத்தஞ்சையே வாங்குங்கோ."

"நாப்பது" என்றார் முதலாளி. "முப்பத்தஞ்சு ரூமுக்கு. மிச்சம் படத்துக்கு."

ஒப்பந்தம் மேசையில் தயாராக இருந்தது. டிசம்பர் ஐந்தாம் திகதி முதல் புதிதாகக் குடியேறியவர் என்று அதில் எழுதியிருந்தது. முப்பத்தைந்தை வெட்டி நாற்பது என்று முதலாளி தன் பேனையாலேயே திருத்தினார். நாகலெட்சுமி அதை வாசிக்கவில்லை. தன் பெயரை எழுத்துக் கூட்டி, நிதானமாக, ஒரு புள்ளி விடாமல் எழுதினாள். வாசலில் நின்ற இரண்டு குடும்பங்களும் அறை போய்விட்டதென்று தெரிந்து, பைகளைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போயின.

படியடியில் வந்ததும் டீச்சர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஓய்வூதியம் வருகிறது, மாதாமாதம் ஏதாவது தருகிறேன் என்று தடுமாறினார்.

"வேணாங்க டீச்சர். எத்தன மாசத்துக்குத் தருவீங்க?" நாகலெட்சுமி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "வேற ஒரு ஒதவி செய்ங்க. ஒங்களுக்கு நெறய ஆளுங்களத் தெரியும். வீடு போயி ரூம் தேடுறவங்க யாராச்சும் இருந்தா இங்க அனுப்புங்க. நடுவுல ஒரு சீலையக் கட்டிட்டா அந்தப் பக்கம் நாலு பேரு படுக்கலாம்."

பிரதாப் ஓட்டோவின் கதவுத் திரையைப் பிடித்தபடி நின்றான்.

"எவ்வளவுன்னு சொல்லணும் அக்கா?" என்று கேட்டான்.

"இருவத்தஞ்சு சொல்லுங்க." அவள் இரண்டு படி ஏறினாள். பிறகு திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மண்சரிவுக்கு அப்புறம் புதுசா வந்தவங்களா பாத்து அனுப்புங்க டீச்சர். அவங்களுக்குத்தான் அந்தச் சட்டம் கெடையாது."